கை கோப்பது முதல் நெற்றி தரை தொடுவது வரை: சீனர்களின் மூதாதையர் வணக்கம், முழுமையான வழிகாட்டி

சீனக் குடும்பங்களில் பிள்ளைகளை மூதாதையர் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் நிறுத்தியதும் பெரியவர்கள் முதலில் பார்ப்பது அவர்கள் கையைத்தான். இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றை ஒன்று பொதிந்திருக்க வேண்டும். ஆண் என்றால் இடது கை வெளியே, பெண் என்றால் வலது கை வெளியே. மாறியிருந்தால் அங்கேயே பிடித்துத் திருத்திவிடுவார்கள். கை மாறினால் பொருளே மாறிவிடும். நல்ல நாளின் வணக்கம் சாவு வீட்டு வணக்கம் ஆகிவிடும்.

இந்த நுணுக்கம் மிகப் பழையது. 'லீ ஜி' என்ற பண்டைய சடங்குத் தொகுப்பில் இதைக் காட்டும் சின்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. கன்பூசியஸ் மாணவர்களோடு நிற்கிறார். அவருடைய வலது கை மேலே இருக்கிறது. அதைப் பார்த்து மாணவர்களும் வலது கையை மேலே மாற்றிக்கொள்கிறார்கள். "கற்றுக்கொள்வதில் உங்களுக்கு இவ்வளவு ஆசையா! என் அக்காள் இறந்த துக்கத்தில் இருப்பதால் நான் இப்படி வைத்திருக்கிறேன்" என்கிறார் அவர். மாணவர்கள் உடனே இடது கையை மேலே கொண்டுவருகிறார்கள்.

மூதாதையர் வணக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் போதும். இது ஒரு விருந்து. வருபவர்களை அழைக்க வேண்டும், உட்கார வைத்துப் பரிமாற வேண்டும், சாப்பிட நேரம் கொடுக்க வேண்டும், முடிந்ததா என்று கேட்டு வழியனுப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன சொல்ல வேண்டுமோ அதை உடம்பால் சொல்வதுதான் குனிதல். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் எப்போதும் தடுமாறுகிறார்கள்.

ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி முறை மாறும். தெற்கே ஃபூஜியன், குவாங்டோங், தைவான் வழக்கம் ஒரு விதம். ஷான்டோங் போன்ற வட மாநிலங்களின் வழக்கம் இன்னொரு விதம். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பது பெரும்பாலும் தெற்கத்திய முறை. கீழே சொல்வதில் எது பொது, எது வட்டார வழக்கம் என்று அங்கங்கே குறித்திருக்கிறோம். இரண்டும் மோதினால் அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொல்வதுதான் சரி.

எந்தெந்த நாட்களில்

சிங்மிங் நாள் ஏப்ரல் 4 அல்லது 5ல் வரும். மலேசியாவில் ஹொக்கியன் என்ற ஃபூஜியன் வட்டாரப் பேச்சில் இதுவே செங் பெங். இளவேனில் சமபகல் நாள் கழித்து சுமார் 15 நாளில் வருவது, சூரியக் கணக்கு. அதனால் ஆங்கிலத் தேதி அதிகம் நகராது. கல்லறைக்குப் போக, இந்த நாளுக்கு முன் பத்து நாள், பின் பத்து நாள் என்று தளர்வு உண்டு. சீனாவில் 2008 முதல் இது அரசு விடுமுறை. மற்றவை: சந்திர ஆண்டின் ஏழாம் மாதம் 15ஆம் நாள், ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், டிசம்பர் 21 அல்லது 22ல் வரும் குளிர்காலச் சங்கிராந்தி, புத்தாண்டுக்கு முந்தின நாள். இவற்றோடு ஒவ்வொருவருடைய இறந்த நாளும் சேரும். தென்பகுதி வீடுகள் பலவற்றில் சந்திர மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும் ஊதுபத்தி மட்டும் ஏற்றிக் கும்பிடுவார்கள்.

கை கோப்பது

வலது கையை லேசாக மூடி, இடது உள்ளங்கையால் அதைப் பொதியுங்கள். பெருவிரல்கள் இரண்டும் உள்பக்கம் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கட்டும். இது ஆண்களுக்கு. பெண்கள் கையை மாற்றிக்கொள்ள வேண்டும். முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டாமல் வட்டமாக விரிந்திருக்க வேண்டும், ஒரு பெரிய பானையை அணைத்துப் பிடித்திருப்பது போல. முஷ்டியை இறுக்கி, மறு கையின் விரல்களை நேராக நீட்டி அதன்மேல் வைப்பது குங்ஃபூ வீரர்களின் வணக்கம். படங்களில் அதிகம் பார்த்துப் பழகிவிட்டதால் பலர் அதையே செய்கிறார்கள். மூதாதையர் முன் அது பொருந்தாது.

கல்லறைக்குப் போகும்போது பலருக்கு வரும் குழப்பம் இது: இறந்தவரைத்தானே வணங்குகிறோம், துக்கத்துக்கு உரியபடி கையை மாற்ற வேண்டாமா? வேண்டாம். பழைய சடங்கு நூல்கள் சவ அடக்கத்தைத் துக்கச் சடங்கில் சேர்க்கின்றன, மூதாதையருக்குப் படைப்பதை மங்கலச் சடங்கில் சேர்க்கின்றன. 'அழுகை முடித்தல்' என்று பெயர் பெற்ற சடங்கு நடந்ததும் துக்கப் படையல் போய் மங்கலப் படையல் வந்துவிடுகிறது என்று லீ ஜி சொல்கிறது. பிற்கால வழக்கில் அது சுமார் நூறாம் நாள். ஆகவே சிங்மிங் நாளில் பத்து வருடம் முன்பு போன தாத்தா கல்லறையில் ஆணின் இடது கைதான் வெளியே இருக்க வேண்டும்.

சுவோயி: நின்றபடி கையோடு குனிவது

மிங் வம்ச காலத்தில் சிறுவர்களுக்காக எழுதிய ஒழுக்கக் கையேடு ஒன்று இதை அங்குலம் அங்குலமாகச் சொல்கிறது. இன்றைக்கும் அதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது கடினம். கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள், அப்போதுதான் ஆடாமல் நிற்க முடியும். முழங்கால் மடங்கக் கூடாது. இடுப்பிலிருந்து வளைந்து, தலையைத் தாழ்த்தி, கண் உங்கள் செருப்பின் நுனியைப் பார்க்க வேண்டும். கோத்த கை வட்டம் கலையாமல் கீழே இறங்கி, உடம்போடு சேர்ந்தே மேலே வர வேண்டும்.

குனிவதற்கு முன் கையை எவ்வளவு தூக்குகிறோம் என்பதில்தான் மரியாதையின் அளவு இருக்கிறது. மிக உயர்ந்தவர் என்றால் கண் மட்டம் வரை தூக்கி இறக்க வேண்டும். வயதில் மூத்தவர் என்றால் வாய் மட்டம். சமமானவர் என்றால் நெஞ்சு மட்டம். மூதாதையருக்குக் கண் மட்டம்தான்.

வழக்கமாக நடக்கும் பிழை, கை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்க உடம்பு அசையாமல் நிற்பது. அவசரத்தில் ஊதுபத்தியோடு கையை மட்டும் மூன்று முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதுகு வளையாவிட்டால் அது வணக்கமே இல்லை.

ஜூகுங் என்பது கை கோக்காமல், தொப்பியைக் கழற்றிவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டி இடுப்பிலிருந்து குனிவது. 1912ல் அமைந்த சீனக் குடியரசு அதே ஆண்டு வெளியிட்ட மரியாதைச் சட்டத்தில் மண்டியிடுவதற்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தது. பெரிய விழா, படையல், திருமணம், இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கு மூன்று முறை, சாதாரண நேரத்தில் ஒரு முறை. இன்று நகரங்களில் மூதாதையர் முன் மூன்று முறை குனிகிறார்களே, அந்த வழக்கத்தைப் பொதுவாக்கியது இந்தச் சட்டம்தான். ஒவ்வொரு முறையும் முழுதாக நிமிர்ந்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். மூன்றையும் ஒரே அசைவாக ஆக்கிவிடாதீர்கள்.

கோதோ: மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைப்பது

'கோ' என்றால் தட்டுதல், 'தோ' என்றால் தலை. முறை இது:

1. நின்றபடி ஒரு சுவோயி. சற்றுப் பின்வாங்கி இன்னொரு சுவோயி.
2. குனிந்து இரண்டு உள்ளங்கையையும் ஒன்றாகத் தரையில் ஊன்றுங்கள். இடது முழங்கால் முதலில், வலது பிறகு.
3. இடுப்பைக் குதிகால் பக்கம் இறக்குங்கள். உள்ளங்கைகள் தரையில் இருக்க, அவற்றுக்கு இடையில் நெற்றி தரையைத் தொடட்டும்.
4. தலையைத் தூக்கி, மண்டியிட்ட நிலையிலேயே முதுகை நிமிர்த்துங்கள். அடுத்த தட்டல் இங்கிருந்துதான் தொடங்கும்.
5. தேவையான எண்ணிக்கை முடிந்ததும் வலது கால் முதலில் எழட்டும். இரண்டு கையையும் அந்த முழங்கால்மேல் ஊன்றி, பிறகு இடது காலைத் தூக்குங்கள்.
6. நின்றதும் ஒரு சுவோயி. அதோடு ஒரு வணக்கம் நிறைவு.

அதே மிங் காலக் கையேடு, நிதானமாகச் செய்வதுதான் மரியாதை, அவசரம் கூடாது என்றும் சொல்கிறது. இதை ஏன் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது தெரியும். பின்னால் நிற்பவருக்காக முன்னால் இருப்பவர் விரைவார், அவரைப் பார்த்து அடுத்தவரும் விரைவார், கடைசியில் தலை தரைக்கு அரை அடி மேலேயே திரும்பிவிடும்.

நெற்றி தரையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயரே மாறும். 'சோவ் லி' என்ற பண்டைய நூல் ஒன்பது வகை வணக்கத்தைப் பட்டியலிடுகிறது. அவற்றில் முதல் மூன்றை அறிந்தால் போதும். நெற்றி தரையில் சற்றுத் தங்கினால் சீஷோ, எல்லாவற்றிலும் உயர்ந்தது. தொட்டவுடன் தூக்கினால் துன்ஷோ. தலை கையளவில் நின்று தரையைத் தொடாவிட்டால் கொங்ஷோ. முழங்கால் வலி, இடுப்பு வலி உள்ளவர்கள் மூன்றாவதைச் செய்யலாம். அது பாதியில் விட்ட வணக்கம் இல்லை, அதற்கென்று பழைய நூலிலேயே தனிப் பெயரும் இடமும் உண்டு. கர்ப்பிணிகள் மண்டியிட வேண்டாம், நின்று குனிந்தாலே போதும்.

மெத்தைத் திண்டை எங்கே போடுவது என்பதையும் யோசியுங்கள். மண்டியிட்ட ஒருவரின் முழங்காலிலிருந்து நெற்றி படும் இடம் இரண்டு அடியாவது தள்ளி இருக்கும். திண்டை மேசைக்கு ஒட்டிப் போட்டால் தலை மேசைக்காலில் இடிக்கும். அதைத் தவிர்க்க ஆள் முதுகைச் சுருட்டுவார், இடுப்பு மேலே கிளம்பிவிடும். திண்டின் முன் விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே மூன்று அடி விடுங்கள். சத்தம் வரும்படி நெற்றியை மோத வேண்டியதில்லை. தொட்டால் போதும்.

எத்தனை முறை

ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நகர வீட்டில் நின்று குனிந்தால் மூன்று. மண்டியிட்டால் ஒரு மண்டி, மூன்று தட்டல். வடசீனாவின் பல ஊர்களில் 'தெய்வத்துக்கு மூன்று, இறந்தவருக்கு நான்கு' என்பது கணக்கு. அங்கே மூதாதையருக்கு மூன்றோடு நிறுத்தினால் குறையாகப் பார்ப்பார்கள். அறிஞர் சூ ஷீயின் 'குடும்பச் சடங்குகள்' நூலில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு நான்கு.

மூன்று மண்டி ஒன்பது தட்டல்தான் உச்சம். மண்டியிட்டு மூன்று முறை தட்டி எழுந்து நிற்க வேண்டும், இதையே மூன்று முறை செய்ய வேண்டும். சீனாவின் சிங் வம்ச அரசவையில் பேரரசருக்கு உரியது இதுதான். 1793ல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி இதற்கு இணங்காமல் ஒரு காலை மட்டும் மடித்துப் பணிந்த கதை பிரபலம். தென்சீனக் குலமண்டபங்களில் ஆண்டுப் பெரிய படையலில் இன்றும் இதைப் பார்க்கலாம். வீட்டு மேசை முன் இது அதிகப்படி. எண்ணிக்கையை ஏற்றினால் மரியாதை ஏறும் என்று நினைப்பது தவறு.

யார் யாருக்கு வணங்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மூத்த தலைமுறை இளைய தலைமுறையின் பலகைக்கு மண்டியிடாது. பெற்றவர் பிள்ளைக்கு, தாத்தா பேரனுக்கு என்று இந்த விதி போகும். வயது இதில் கணக்கில்லை. வயதில் சிறிய சித்தப்பா தன்னைவிட வயதான அண்ணன் மகனுக்கு முன்னதாகவே வரிசையில் நிற்பார்.

பலகையும் மேசையும்

மூதாதையர் பலகை என்பது பெயரும் தலைமுறையும் எழுதிய மரப்பலகை. அதில் 'தலைவர்' என்று பொருள்படும் எழுத்தின் மேல்புள்ளியை வைக்காமல் விட்டு, பிறகு சடங்கோடு சிவப்பு மையால் அந்தப் புள்ளியை வைப்பார்கள். புள்ளி இல்லாவிட்டால் அந்த எழுத்து 'அரசன்' என்று படிக்கப்படும். புள்ளி விழுந்த பிறகுதான் அது வெறும் பலகை அல்ல. ஷான்டோங்கில் பலகைக்குப் பதில் குடும்ப மரம் வரைந்த துணிச்சுருளைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் சுவரில் விரிப்பார்கள். ஊர் எல்லைக்குப் போய் ஊதுபத்தி ஏற்றி மூதாதையரை அழைத்து வந்து, வாசலில் குறுக்கே ஒரு கட்டை போடுவார்கள், அழையாத ஆவிகள் உள்ளே வராமல் இருக்க.

ஹொக்கியன் வீட்டில் தெய்வமும் மூதாதையரும் ஒரே மேசையில் இருந்தால், மேசையை நோக்கி நிற்பவரின் வலப்பக்கம் தெய்வம், இடப்பக்கம் மூதாதையர். எப்போதும் தெய்வத்துக்கு முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் மூதாதையரிடம் வர வேண்டும்.

முழு அமைப்பில் மேசைமேல் ஐந்து பொருள்: நடுவில் ஊதுபத்திக் கலயம், இரு புறமும் மெழுகுவத்தித் தண்டு, அவற்றுக்கு வெளியே இரண்டு பூச்சாடி. கலயத்தைக் கண்டபடி நகர்த்தக் கூடாது. தைவானில் சந்திர ஆண்டின் 12ஆம் மாதம் 24ஆம் நாள் தெய்வங்களை வழியனுப்பிய பிறகுதான் அதைச் சுத்தம் செய்வார்கள், அதுவும் சாம்பலைக் கரண்டியால் அள்ளித்தான். ஆண்டு முழுக்க எரிந்த பத்திக் குச்சிகளை அப்படியே விட்டால் ஒரு நாள் கொத்தாகத் தீப்பிடிக்கும். சிலர் அதை நல்ல சகுனம் என்பார்கள். மர மேசையில் அது தீ விபத்துதான். குச்சிகள் நெருங்கும்போதே சிலவற்றை எடுத்துவிடுவது நல்லது.

உணவில் ஒரு பொது விதி: தெய்வத்துக்கு முழுசாக வைப்பதை மூதாதையருக்கு வெட்டிச் சமைத்து வைக்க வேண்டும். அவர்கள் வீட்டு மனிதர்கள், உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர்கள். பன்றி, கோழி, மீன் என மூவகை இறைச்சி, வீட்டுக் கறிகள், சோறு, பழம், தேநீர், மூன்று கிண்ணம் மது. ஆளுக்கு ஒரு சோற்றுக் கிண்ணமும் ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சியும். குச்சியைக் கிண்ணத்தின் பக்கத்தில் படுக்க வையுங்கள். சோற்றில் செங்குத்தாகக் குத்தினால் அது அப்போதுதான் இறந்தவரின் காலடியில் வைக்கும் சோறு. இதுபோல் பார்ப்பவரைத் துணுக்குறச் செய்யும் பிழை வேறில்லை. பழத்தில், பேரிக்காய் 'பிரிவு' என்ற சொல்லோடு ஓசை ஒப்புவதால் பலர் தவிர்ப்பார்கள். தைவானியப் பேச்சில் வாழைப்பழம், பிளம், பேரிக்காய் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் 'உன்னை வரச் சொல்கிறேன்' என்று ஒலிக்கும். ஆவிகள் உலவுவதாக நம்பும் ஏழாம் மாதத்தில் அந்தக் கூட்டு ஆகாது.

வீட்டில் செய்யும் வரிசை

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ ஷீ (1130–1200) நான்கு தலைமுறை மூதாதையருக்கான வரிசையை வகுத்தார். பிற்காலக் குடும்பச் சடங்கெல்லாம் அதன் சுருக்கம்தான். இன்றைய நடைமுறையை அந்த எலும்புக்கூட்டின்மேல் வைத்துப் பார்த்தால் எதுவும் புதிராக இருக்காது.

முதலில் அழைப்பு. மெழுகுவத்தி, பிறகு பத்தி. சுடரை வாயால் ஊதி அணைக்காதீர்கள், கையால் விசிறுங்கள். எத்தனை பத்தி என்பது வீட்டுக்கு வீடு மாறும். தெய்வத்துக்கு மூன்று என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. மூதாதையருக்குச் சில வீடுகளில் மூன்று, சில வீடுகளில் இரண்டு, சில வீடுகளில் ஒன்று. இரண்டு கையாலும் பிடித்து, புருவ மட்டத்துக்கு உயர்த்தி, மூன்று முறை குனியுங்கள். இந்த நேரத்தில்தான் பேச வேண்டும். இன்று என்ன நாள், எந்த ஊரில் எந்த வீடு, வந்திருப்பது யார் யார், எதற்காக அழைக்கிறோம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். முகவரி சொல்வது விளையாட்டில்லை. வீடு மாறியிருந்தால் அவர்கள் எங்கே வருவார்கள்?

பத்தியை இடது கையால் செருகுவது வழக்கம். ஒன்றுக்கொன்று ஒரு சீன அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 3 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடக் கூடாது, நேராக நிற்க வேண்டும். சாம்பல் இறுகிப் போயிருந்தால் பத்தி ஒடியும். முன்கூட்டியே ஒரு குச்சியால் கிளறி வையுங்கள்.

பத்திப் புகை மேலே போய் மனிதனின் வானக்கூற்றை அழைக்கிறது, கீழே ஊற்றும் மது மண்கூற்றை அழைக்கிறது என்பது பழைய நம்பிக்கை. அதனால்தான் சூ ஷீயின் முறையில், மணல்மேல் வைத்த புல் கட்டின்மீது மதுவை ஊற்றுவார்கள். மரப்பலகை இருந்தால் அவர்கள் ஏற்கெனவே வந்து அமர்ந்திருப்பதாகக் கொண்டு முதலில் வணக்கம், பிறகு அழைப்பு. பலகை இல்லாமல் தாளில் பெயர் எழுதி வைத்தால் முதலில் அழைப்பு, பிறகு வணக்கம். வராதவருக்கு வணக்கம் சொல்ல முடியாதே.

அடுத்து பரிமாறுதல். மூன்று சுற்று மது. முதல் சுற்றில் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவதில் இன்னொரு பங்கு, மூன்றாவதில் நிறைவு. முதலிலேயே விளிம்புவரை ஊற்றிவிட்டு அடுத்த சுற்றுக்கு இடமில்லாமல் திண்டாடுவது சகஜம். முதல் சுற்றை வீட்டுத் தலைவர் ஊற்றுவார். அவர் வணங்கி விலகியதும் தலைமுறை வரிசையில் மற்றவர்கள் வணங்குவார்கள்.

பிறகு காத்திருத்தல். முழு வரிசையில் மிக அழகானது இந்தக் கட்டம்தான். சூ ஷீயின் முறையில் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள், கதவு இல்லாத இடத்தில் திரையை இறக்குவார்கள். உள்ளே இருப்பவர்கள் சாப்பிடும் நேரம் வரை வெளியே நின்றிருப்பார்கள். பிறகு சடங்கு நடத்துபவர் மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுக் கதவைத் திறப்பார். திடுமென்று உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்று! இன்றைய வீட்டில் கதவைச் சாத்துவதில்லை, ஆனால் மேசையைச் சுற்றிக் குழந்தைகளை ஓட விடாமல் இருப்பார்கள். சுமார் முக்கால் மணி எரியும் பத்தி பாதிக்கு மேல் எரியும் வரை எதையும் தொடக் கூடாது.

சாப்பிட்டு முடிந்ததா என்று கேட்பதற்கு ஹொக்கியன் வீடுகளில் பிறை வடிவக் கட்டை இரண்டு உண்டு. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உருண்டை. மண்டியிட்டு, கேள்வியைச் சொல்லி, இரண்டையும் தரையில் விட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் 'ஆம்'. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே இருந்தால் சிரிக்கிறார்கள், பதில் இல்லை. இரண்டும் உருண்டைப் பக்கம் மேலே இருந்தால் 'இல்லை'. இல்லை என்று வந்தால் உடனே மறுபடி போடாதீர்கள். இன்னும் கொஞ்சம் மது ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். கட்டை இல்லாவிட்டால் இரண்டு காசு போதும்.

'ஆம்' வந்ததும் காகிதப் பணம் எரிப்பது. தென்பகுதி வழக்கில் தெய்வத்துக்குப் பொன்தாள், மூதாதையருக்கு வெள்ளித்தாள். கட்டாகப் போட்டால் நடுவில் எரியாமல் கருகி நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்து, மடித்துப் போட வேண்டும். எரிந்து முடிந்ததும் சாம்பலைச் சுற்றி மது ஊற்றி, கடைசியாக ஒரு வணக்கம். இது வழியனுப்பு. அதற்குப் பிறகுதான் உணவை எடுத்து, சூடாக்கி, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படைத்ததை உண்பதும் சடங்கின் பகுதிதான். சூ ஷீயின் வரிசையிலேயே அது இருக்கிறது.

இது வழிபாடா, மரியாதையா

இந்தக் கேள்விக்காக ஒரு நூற்றாண்டுச் சண்டையே நடந்தது, அதில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மூதாதையர் முன் குனிவது குடும்ப மரியாதை என்று சேசு சபையார் ஏற்றார்கள். பேரரசர் காங்ஷியும் 1700ல் அதையே உறுதிசெய்தார். ரோம் மறுத்தது. பாப்பரசரின் தூதர் டூர்னோன் சீனாவுக்குப் போகும் வழியில் 1703ல் புதுச்சேரியில் இறங்கினார். 1704ல், தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சேசு சபையார் அனுமதித்திருந்த வழக்கங்களை 'மலபார் சடங்குகள்' என்று தடை செய்தார். பிறகு கப்பலேறி, 1707ல் நான்ஜிங்கில் சீனச் சடங்குகளுக்கு எதிராக ஆணையிட்டார். சீனச் சடங்குகள்மீதான தடை 1742ல் இறுகியது, 1939ல்தான் பாப்பரசர் 12ஆம் பயஸ் காலத்தில் தளர்ந்தது. இன்று சீனக் கத்தோலிக்கர் பலர் மூதாதையர் படத்துக்கு முன் மூன்று முறை குனிகிறார்கள்.

சாவு வீட்டில் நிற்கும்போது

மலேசியா, சிங்கப்பூரில் சீன நண்பர் வீட்டுத் துக்கத்துக்குப் போகும் தமிழர்களுக்கு இது நேரடியாக உதவும். படத்துக்கு முன் போய் நில்லுங்கள். உதவியாளர் "முதல் வணக்கம், இரண்டாம் வணக்கம், மூன்றாம் வணக்கம்" என்று குரல் கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் இடுப்பிலிருந்து குனியுங்கள். அடுத்து "குடும்பத்தார் நன்றி" என்பார். பக்கத்தில் நிற்கும் அல்லது மண்டியிட்டிருக்கும் குடும்பத்தார் உங்களுக்குக் குனிவார்கள். அவர்கள் பக்கம் திரும்பி நீங்களும் ஒரு முறை தலை தாழ்த்துங்கள். பலர் மூன்றோடு திரும்பி நடந்துவிடுகிறார்கள், குடும்பத்தார் முதுகுக்குக் குனிய நேர்கிறது. நெருங்கிய உறவாக இல்லாவிட்டால் மண்டியிட வேண்டாம். பத்தி பிடிக்க உங்கள் சமயம் இடம் தராவிட்டால் குனிவது மட்டும் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சிவப்பு உடை கூடாது.

கல்லறையில்

வேலைதான் முதல் வணக்கம். புல் வெட்டி, பெருக்கி, கல்லில் மங்கிய எழுத்துக்குச் சிவப்பு அல்லது பொன் வண்ணம் தீட்ட வேண்டும். நுனித் தூரிகை கொண்டு போங்கள், அகலமான தூரிகையில் வண்ணம் எழுத்துக்கு வெளியே வழியும். ஈரக் கல்லில் வண்ணம் பிடிக்காது, கழுவினால் காய விட்டுப் பூசுங்கள்.

கல்லறைப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் இருக்கும். அது நிலத்தின் காவல் தெய்வத்துக்கு உரியது. தெற்கத்திய வழக்கில் பத்தியும் வணக்கமும் முதலில் அங்கே. மூதாதையர் குடியிருக்கும் மண் அவருடையது. பிறகு மூதாதையர் கல்லுக்கு வந்து, தரை சரிவாக இருந்தால் மண்டியிடாமல் மூன்று முறை குனிந்தால் போதும். மேட்டின்மேல் வண்ணத் தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் கல்லால் அழுத்தி வைக்க வேண்டும். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். தாள் இல்லாத மேட்டைக் கைவிட்ட மேடு என்று நினைத்துவிடுவார்கள்.

மதுவும் உணவும் பத்தியும் வீட்டில் செய்த வரிசையிலேயே. காகிதம் எரிக்கும்போது காற்றின் திசையைப் பாருங்கள். ஏப்ரலில் காய்ந்த புல் தீப்பிடிக்க ஒரு பொறி போதும், அதனால் வெட்டிய புல்லை முதலில் தள்ளி ஒதுக்குங்கள், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கடைசி வணக்கம் முடிந்த பிறகு ஹொக்கியன் குடும்பங்கள் அங்கேயே உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்து, மட்டிச் சிப்பிகளைத் தின்று, ஓடுகளை மேட்டின்மேல் தூவிவிட்டுக் கிளம்புவார்கள். முட்டை ஓடு பழையது கழன்று புதியது வருவதைக் குறிக்கும். சிப்பி ஓடு காசு.